குற்றம் நடந்த இடத்திலிருந்து சாட்சிக் கூண்டு வரை: தடயங்களைக் காவல்துறை கையாள்வது எப்படி?

பெங்களூரு: 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி இரவு, பெங்களூரு ராஜராஜேஸ்வரி நகரில் உள்ள தமது வீட்டு வாசலில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகள் இருசக்கர வாகனத்தில் தப்பினர். பயன்படுத்தப்பட்ட துப்பாக்கியும் அவர்களோடு சென்றுவிட்டது. காவல்துறையினருக்கு எஞ்சியவை குண்டுகள், காலித் தோட்டா உறைகள், வீட்டுக் கண்காணிப்பு கேமராவில் பதிவான குறுகிய நேரக் காட்சி ஆகியவை மட்டுமே.

அந்தச் சிறு உலோகத் துண்டுகள்தான் வழக்கின் திசையைத் தீர்மானித்தன. அவை 7.65 மில்லிமீட்டர் நாட்டுத் துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்டவை என்று தடய அறிவியல் ஆய்வில் தெரியவந்தது. அதைவிட முக்கியமாக, 2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் தேதி தார்வாடில் கொல்லப்பட்ட எழுத்தாளர் எம்.எம்.கலபுர்கியின் வழக்கில் கைப்பற்றப்பட்ட குண்டுகளோடும் உறைகளோடும் இவை பொருந்துவதாக ஆய்வறிக்கை கூறியது. இரண்டு ஆண்டு இடைவெளியில், இரு வேறு நகரங்களில் நிகழ்ந்த கொலைகளை ஒரே துப்பாக்கி இணைத்தது.

ஆனால், ஆய்வகத்தில் கிடைக்கும் முடிவு தானாகவே நீதிமன்றத் தீர்ப்பாகிவிடுவதில்லை. அந்தக் குண்டு எங்கே கிடந்தது, யார் எடுத்தார், எதில் வைத்தார், எவ்வாறு முத்திரையிட்டார், ஆய்வகத்தை அடையும் வரை யாருடைய பொறுப்பில் இருந்தது என்ற கேள்விகள் அனைத்துக்கும் ஆவணத்தோடு விடை இருக்க வேண்டும். இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் குற்றவாளி தப்பிவிடலாம். நிரபராதி ஒருவர் தூக்குமேடை வரை செல்லவும் நேரலாம். குற்றம் நடந்த இடத்தில் தொடங்கி நீதிமன்றத்தில் முடியும் இந்த நடைமுறை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

பெங்களூருவில் 112 என்ற அவசர எண்ணுக்குத் தகவல் வந்ததும், பெரும்பாலும் ஹொய்சளா ரோந்து வாகனத்தில் உள்ள காவலர்களே சம்பவ இடத்தை முதலில் அடைகின்றனர். உயிருக்குப் போராடுபவரைக் காப்பாற்றுவதே அவர்களது முதற்கடமை. அதற்கு அடுத்ததாக அந்த இடத்தை உள்ளபடியே பாதுகாக்க வேண்டும். கயிறு அல்லது நாடா கட்டி இடத்தை அடைப்பது, கூட்டத்தை விலக்குவது, உள்ளே சென்று வருவதற்கு ஒரே வழியை வகுப்பது, உள்ளே சென்றவர்களின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது ஆகியவை இதில் அடங்கும்.

குற்றம் செய்பவர் எதையாவது அந்த இடத்தில் விட்டுச் செல்வார். அங்கிருந்து எதையாவது தம்மோடு எடுத்தும் செல்வார் என்பது தடய அறிவியலின் அடிப்படைக் கருத்து. 1910-இல் பிரான்சின் லியோன் நகரில் காவல்துறை ஆய்வகத்தைத் தொடங்கிய எட்மோன் லோகார்டின் பெயரால் இக்கருத்து வழங்கப்படுகிறது. இதே விதி காவலர்களுக்கும் பொருந்தும். கையுறை அணியாமல் கதவைத் தொடும் அதிகாரி தமது கைரேகையைப் பதிக்கிறார். இரத்தக் கறையை மிதித்தவர் புதிய காலடித் தடத்தை உருவாக்குகிறார். எனவேதான் உயரதிகாரிகளோ, அரசியல் தலைவர்களோ, ஊடகத்தினரோ ஆய்வு முடியும் வரை உள்ளே செல்லக் கூடாது என்று கூறப்படுகிறது.

அடுத்து, எந்தப் பொருளையும் அசைப்பதற்கு முன் புகைப்படமும் காணொளியும் எடுக்கப்படுகின்றன. முதலில் முழு இடமும் தெரியும்படியும், பின்னர் பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள தொடர்பு புரியும்படியும், இறுதியாக அளவுகோல் வைத்து மிக அருகிலிருந்தும் படம் எடுப்பது வழக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுக்கப்படுகிறது. சுவர், கதவு போன்ற அசையாத இரு புள்ளிகளிலிருந்து தூரம் அளக்கப்பட்டு வரைபடம் தயாராகிறது. சுயேச்சையான சாட்சிகள் முன்னிலையில் இவை அனைத்தும் மகஜரில் எழுதப்படுகின்றன. கர்நாடகத்தில் இது பஞ்சநாமா என்றும் அழைக்கப்படுகிறது.

ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு முறை

தடயங்களைச் சேகரிப்பதில் பொதுவான ஒரே முறை கிடையாது. இரத்தம் தோய்ந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து, அதிலுள்ள மரபணுக் கூறுகள் சிதையும். எனவே, அதை நிழலில் உலர்த்தித் தாள் உறையில் வைக்க வேண்டும். இரு வேறு நபர்களின் உடைகளை ஒரே பையில் வைக்கக் கூடாது. ஒன்றில் உள்ள கறை மற்றொன்றில் ஒட்டினால் பிறகு எந்த நிபுணராலும் அதைப் பிரித்துக் கூற இயலாது.

குண்டை இடுக்கியால் அழுத்தி எடுத்தால் அதன் மேற்பரப்பில் புதிய கீறல் விழும். ஆனால், எந்தத் துப்பாக்கியிலிருந்து அது வெளிப்பட்டது என்பதைக் காட்டுவதே அந்த மேற்பரப்பில் உள்ள நுண்கீறல்கள்தான். கைப்பேசியைக் கைப்பற்றினால், தொலைவிலிருந்து யாரும் அதன் தகவல்களை அழித்துவிடாதபடி வலையமைப்புத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். கண்காணிப்பு கேமராக்களின் பதிவுக் கருவியில் பழைய காட்சிகள் சில நாட்களில் தாமாகவே அழிந்து புதியவை பதிவாகும் என்பதால், அவற்றைப் பெறுவதில் தாமதம் கூடாது.

பொட்டலம் கட்டிய பின் அதன் மீது வழக்கு எண், பொருளின் விவரம், எடுக்கப்பட்ட இடம், நாள், நேரம் ஆகியவை எழுதப்பட்டு, விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திடுகின்றனர். அதன் மேல் முத்திரை வைக்கப்படுகிறது. அந்த முத்திரையின் மாதிரி ஒன்று தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். வந்து சேர்ந்த பொட்டலத்தின் முத்திரை உடையாமல் உள்ளதா, மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்பதைச் சரிபார்த்த பிறகே நிபுணர் அதைத் திறப்பார். அதனைத் தமது அறிக்கையிலும் குறிப்பிடுவார்.

கைமாறும் போதெல்லாம் கணக்கு

சம்பவ இடத்திலிருந்து காவல் நிலையம், அங்கிருந்து நீதிமன்றம், பின்னர் ஆய்வகம், மீண்டும் நீதிமன்றம் என்று ஒரு சான்றுப் பொருள் பல கைகள் மாறுகிறது. காவல் நிலையச் சொத்துப் பதிவேட்டிலும், நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும் சொத்துப் படிவத்திலும் அது இடம்பெற வேண்டும். ஒவ்வொரு முறையும் கொடுத்தவர், பெற்றவர், நாள், நேரம் ஆகியவை பதிவாக வேண்டும். இந்தத் தொடர் பதிவையே சட்ட வழக்கில் காவல் சங்கிலி என்கின்றனர்.

இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே சான்று. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-ஆம் ஆண்டு இளம் ஜோடி ஒன்று கொல்லப்பட்டது. இந்த வழக்கில் கைதான ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அதை உறுதி செய்தது. ஆனால், 2025-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மரபணு மாதிரிகள் சேகரிக்கப்பட்டதிலும், அனுப்பப்பட்டதிலும் ஏற்பட்ட தாமதத்துக்கு உரிய விளக்கம் இல்லை. அவை எங்கே, யாருடைய பொறுப்பில் இருந்தன என்பது தெளிவாக நிறுவப்படவில்லை என்பது அத்தீர்ப்பின் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இதன் விளைவு இரு தரப்பையும் தாக்குகிறது. ஒருவர் பல ஆண்டுகள் மரண தண்டனையின் நிழலில் வாழ்ந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கோ, கொன்றது யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஏற்ற விடை இல்லை.

அதே தீர்ப்பில், மரபணு மாதிரிகளைக் கையாள்வதற்கு நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. அவற்றின் சாரம் வருமாறு:

* மாதிரியைச் சேகரிக்கும்போது முதல் தகவல் அறிக்கை எண், நாள், சட்டப்பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம் ஆகிய விவரங்களோடு ஆவணம் தயாரிக்க வேண்டும். மருத்துவர், விசாரணை அதிகாரி, சுயேச்சையான சாட்சிகள் ஆகியோரின் கையெழுத்தும் பதவியும் அதில் இடம்பெற வேண்டும்.

* சேகரித்த 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகத்தைச் சென்றடைவதை விசாரணை அதிகாரி உறுதி செய்ய வேண்டும். தாமதம் ஏற்பட்டால் அதற்கான காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

* வழக்கு நிலுவையில் உள்ளவரை, விசாரணை நீதிமன்றத்தின் வெளிப்படையான அனுமதியின்றி மாதிரிப் பொட்டலத்தைத் திறக்கவோ, மாற்றவோ, மீண்டும் முத்திரையிடவோ கூடாது.

* மாதிரி சேகரிக்கப்பட்ட நாள் முதல், தண்டனையோ விடுதலையோ கிடைக்கும் நாள் வரை காவல் சங்கிலிப் பதிவேடு பராமரிக்கப்பட வேண்டும். அது வழக்கு ஆவணங்களோடு இணைக்கப்பட வேண்டும்.

சான்றுப் பொருட்களின் பாதுகாப்பு எத்தனை நீண்ட பொறுப்பு என்பதற்குத் தமிழர்கள் நன்கறிந்த மற்றொரு வழக்கும் உண்டு. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கில் 1996-இல் கைப்பற்றப்பட்ட நகைகள், வழக்கு பெங்களூருவுக்கு மாற்றப்பட்ட பின் கர்நாடகத்தின் பாதுகாப்பில் இருந்தன. சுமார் 27 கிலோ தங்க நகைகள் உள்ளிட்ட பொருட்கள் 2025 பிப்ரவரியில்தான் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒவ்வொரு நகைக்கும் கணக்குக் காட்ட வேண்டிய கடமை அதிகாரிகளுக்கு இருந்தது.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

இந்தியாவில் இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. நஞ்சு போன்றவற்றைக் கண்டறிவதற்கான முதல் வேதியியல் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில் அமைந்தது. கைரேகைப் பணியகம் 1897-இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம் பெங்களூரு மடிவாளாவில் இயங்குகிறது.

துப்பாக்கி வழக்குகளில் நிபுணர்கள் பயன்படுத்தும் முக்கியக் கருவி ஒப்பீட்டு நுண்ணோக்கி. துப்பாக்கி வெடிக்கும்போது அதன் ஊசி, தோட்டாவின் அடிப்பகுதியில் ஒரு தழும்பை ஏற்படுத்துகிறது. குழலின் உட்புறம், வெளியேறும் குண்டின் மீது கீறல்களைப் பதிக்கிறது. இரு வேறு இடங்களில் கிடைத்த பொருட்களை அருகருகே வைத்து, இந்தக் குறிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று நிபுணர் பார்க்கிறார். துப்பாக்கி கையில் இல்லாத நிலையிலும் இந்த ஒப்பீடு சாத்தியம் என்பதையே கௌரி லங்கேஷ் வழக்கு காட்டியது.

அவ்வழக்கை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழு மற்றொரு வழியையும் நாடியது. கண்காணிப்பு கேமராவில் பதிவான நபரின் நடையையும், கைதான நபரின் நடையையும் ஒப்பிடும் ஆய்வு குஜராத்தில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்தின் உதவியோடு மேற்கொள்ளப்பட்டது. தலைக்கவசம் முகத்தை மறைத்தாலும், நடையை மறைப்பது கடினம் என்பதே இதன் அடிப்படை. எனினும், இத்தகைய அறிக்கைகள் நிபுணர் கருத்து மட்டுமே. பிற சான்றுகளோடு சேர்த்துப் பார்த்து எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும்.

புதிய சட்டங்கள் கூறுவது என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, முன்பு அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த சிலவற்றைக் கடமையாக்கியுள்ளது. ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று தடயங்களைச் சேகரிக்க வேண்டும். அந்நடவடிக்கை காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அதன் 176-ஆவது பிரிவு கூறுகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

சோதனையிடுவதையும் பொருட்களைக் கைப்பற்றுவதையும் ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105-ஆவது பிரிவு. கைப்பேசியிலேயே இதைப் பதிவு செய்யலாம். பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். இத்தகைய பதிவுகளுக்காக ‘இ-சாக்ஷ்யா’ என்ற செயலியும் பயன்பாட்டில் உள்ளது.

இதனால் இரு பயன்கள் உண்டு. பொருளைக் காவலர்களே கொண்டுவந்து வைத்தனர் என்ற பொய்க் குற்றச்சாட்டை அதிகாரி எளிதில் மறுக்கலாம். உண்மையிலேயே அவ்வாறு நடந்திருந்தால், குற்றம் சாட்டப்பட்டவர் அதனை வெளிப்படுத்த வழி பிறக்கும். பதிவு முறையாக இல்லாவிட்டால், அது ஏன் இல்லை என்ற கேள்விக்கு அதிகாரி கூண்டில் நின்று பதிலளிக்க வேண்டியிருக்கும்.

கேமராக் காட்சியைச் சான்றாக்குவது எப்படி?

பெங்களூரு போன்ற நகரத்தில் கேமராவில் சிக்காத தெருவைக் காண்பது அரிது. ஆனால், கடைக்காரரின் பதிவுக் கருவியிலிருந்து பென் டிரைவில் நகலெடுத்து வந்து கொடுத்தால் மட்டும் போதாது. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக்க, சட்டம் குறிப்பிடும் சான்றிதழ் கட்டாயம் என்று 2014-இலும், மீண்டும் 2020 ஜூலையிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தற்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி, இச்சான்றிதழுக்கு இரு பகுதிகள் உள்ளன. ஒன்றைப் பதிவை அளிப்பவர் நிரப்ப வேண்டும். மற்றொன்றை நிபுணர் நிரப்ப வேண்டும். பதிவின் ‘ஹாஷ்’ மதிப்பும் அதில் இடம்பெறும். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணினி கணக்கிடும் நீண்ட எண்ணெழுத்துத் தொடரே ஹாஷ் மதிப்பு. கோப்பில் ஒரு நொடிக் காட்சி மாறினாலும் இந்தத் தொடர் முற்றிலும் மாறிவிடும். எனவே, பொட்டலத்துக்கு முத்திரை எப்படியோ, மின்னணுக் கோப்புக்கு ஹாஷ் மதிப்பு அப்படி.

இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்யும்போது, மின்னணுக் கருவிகள் யார் யாருடைய பொறுப்பில் வரிசையாக இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 193-ஆவது பிரிவு கூறுகிறது.

ஒப்புதல் வாக்குமூலம் போதாதா?

‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்ற செய்தியை வாசகர்கள் அடிக்கடி படிக்கின்றனர். ஆனால், காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பொதுவாக நீதிமன்றத்தில் நிரூபிக்க இயலாது. அவர் கூறிய தகவலின் பேரில் ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சான்றாகக் கொள்ளலாம். ஏற்கெனவே காவல்துறைக்குத் தெரிந்த இடத்திலிருந்து எடுத்த பொருளுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. கர்நாடக ஒருங்கமைக்கப்பட்ட குற்றங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் போன்ற சில சிறப்புச் சட்டங்களில் மட்டும், கடுமையான நிபந்தனைகளோடு, உயரதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்துக்கு இடமுண்டு.

2000-களில் உண்மை அறியும் ‘நார்கோ’ சோதனைகளுக்குப் பெயர் பெற்ற நகரமாக பெங்களூரு விளங்கியது. 2010-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடையிட்டது. நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை ஒருவரது சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று அத்தீர்ப்பு கூறியது. தமக்கு எதிராகவே சாட்சி சொல்லுமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசமைப்பு உரிமையே இதன் அடிப்படை. இத்தீர்ப்புக்குப் பின், சம்பவ இடத்தில் சேகரிக்கப்படும் தடயத்தின் முக்கியத்துவம் மேலும் கூடியது.

குற்றப்பத்திரிகை தயாராகும் விதம்

கைது செய்யப்பட்டவர் காவலில் இருக்கும் நிலையில், குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்காவிட்டால், அவருக்குப் பிணையில் செல்லும் உரிமை கிடைத்துவிடும். எனவே, தடய ஆய்வறிக்கைகளைக் காலத்தில் பெறுவது விசாரணை அதிகாரியின் பெருங்கவலையாக உள்ளது.

குற்றப்பத்திரிகை வெறும் கதைச் சுருக்கம் அன்று. நிரூபிக்க வேண்டிய ஒவ்வொரு செய்திக்கும் எந்தச் சாட்சி, எந்த ஆவணம், எந்தப் பொருள் துணை நிற்கிறது என்று காட்டும் வரைபடம் அது. நேரடிச் சாட்சி இல்லாத வழக்குகளில் இப்பணி மேலும் கடினமாகிறது. சூழ்நிலைச் சான்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிரூபிக்கப்பட வேண்டும். அவை அனைத்தும் சேர்ந்து, குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற ஒரே முடிவுக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடே இன்றும் அளவுகோல்.

கௌரி லங்கேஷ் வழக்கில் 2018 நவம்பரில் தாக்கல் செய்யப்பட்ட கூடுதல் குற்றப்பத்திரிகை 9,235 பக்கங்களைக் கொண்டது. 18 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சாட்சிகளின் பட்டியல் 500-ஐத் தாண்டியது. சிறப்பு நீதிமன்றத்தில் 2022 ஜூலையில் சாட்சி விசாரணை தொடங்கியது. விசாரணை முடிவதற்கு முன்பே, தாமதத்தைக் கருத்தில் கொண்டு 2023 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒருவருக்குப் பிணை வழங்கியது. பின்னர் மேலும் பலர் பிணை பெற்றனர். பிணை என்பது விடுதலை அன்று; குற்றச்சாட்டு என்பதும் நிரூபணம் அன்று. தடயம் எவ்வளவு வலுவாக இருப்பினும், அது சாட்சிக் கூண்டில் சோதிக்கப்பட்ட பிறகே உண்மையாக ஏற்கப்படும்.

சாட்சிக் கூண்டில் நிற்கும் அதிகாரி

சம்பவம் நடந்து ஐந்து அல்லது பத்து ஆண்டுகள் கழித்து ஒரு ஆய்வாளர் சாட்சியம் அளிக்க அழைக்கப்படலாம். இதற்குள் அவர் பல ஊர்களுக்கு மாற்றலாகி, நூற்றுக்கணக்கான வழக்குகளைப் பார்த்திருப்பார். அவரது நினைவுக்குத் துணை நிற்பது எழுத்து மட்டுமே.

நீதிமன்றத்துக்கு வருமுன் அதிகாரி அரசு வழக்கறிஞரோடு அமர்ந்து கோப்பைப் படிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவான நேரம், அது நடுவரைச் சென்றடைந்த நேரம், மகஜர் எழுதிய நேரம், பிரேதப் பரிசோதனை நடந்த நேரம் ஆகியவை ஒன்றோடொன்று முரண்படாமல் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சான்றுப் பொருட்கள் நீதிமன்றத்தில் உள்ளனவா, அவற்றின் அடையாளச் சீட்டுகள் படிக்கும்படி உள்ளனவா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஆனால், என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. கற்பிக்கப்பட்ட சாட்சி என்று தெரிந்தால், அவர் கூறிய உண்மையும் நம்பகத்தன்மையை இழந்துவிடும்.

சாட்சியம் அளிக்கும்போது, நினைவைப் புதுப்பித்துக்கொள்ள வழக்கு நாட்குறிப்பைப் பார்க்க அதிகாரிக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும், அவ்வாறு பார்த்துவிட்டால், அந்தப் பகுதியைக் காணவும் அதன் மீது கேள்வி எழுப்பவும் எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. ஆகவே, நாட்குறிப்பில் பின்னர் சேர்த்த வரியோ, திருத்திய தேதியோ இருப்பின், அது வழக்கையே கவிழ்த்துவிடும்.

குறுக்கு விசாரணையில் வழக்கமாக எழும் கேள்விகள் எளியவை. மகஜர் சாட்சிகள் அப்பகுதியைச் சேர்ந்தவர்களா? அவர்கள் வேறு வழக்குகளிலும் காவல்துறைக்காகக் கையெழுத்திட்டவர்களா? பொருள் ஆய்வகம் செல்லும் வரை எந்த அறையில் இருந்தது? அதன் சாவி யாரிடம் இருந்தது? அதிகாரிக்கு நினைவில்லாததை நினைவில்லை என்று கூறுவதே முறை. ஊகித்துக் கூறிய ஒரு பதில், ஆவணத்தோடு முரண்பட்டால், அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேரும்.

ஆவணம் தயாரித்த அதிகாரி மாற்றலாகியோ, ஓய்வு பெற்றோ, இறந்தோ போனால், அவரது பதவியில் தற்போது உள்ளவர் அந்த ஆவணம் குறித்துச் சாட்சியம் அளிக்கப் புதிய சட்டம் வழிவகுத்துள்ளது. தாமதத்தைக் குறைக்கும் ஏற்பாடு இது. ஆனால், சம்பவ இடத்தையே காணாத ஒருவர் பதில் கூற வேண்டியிருப்பதால், முதலில் எழுதப்பட்ட குறிப்பு துல்லியமாக இருக்க வேண்டிய தேவையும் இதனால் கூடுகிறது.

சாட்சியின் மொழியும் ஒரு தடயம்

பெங்களூருவில் லட்சக்கணக்கான தமிழர்கள் வாழ்கின்றனர். தமிழில் பேசும் சாட்சியின் வாக்குமூலம் காவல் நிலையத்தில் கன்னடத்தில் எழுதப்படுவதும் உண்டு. காவல்துறையிடம் அளிக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திட வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் அவர் மாற்றிப் பேசினால், அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டவே அது பெரிதும் பயன்படும். இந்நிலையில், தமிழில் ‘அவரைப் போல் இருந்தார்’ என்று சொன்னது கன்னடத்தில் ‘அவர்தான்’ என்று பதிவானால், ஒரு மனிதரின் விடுதலையும் தண்டனையும் அந்த ஒரு சொல்லில் தொங்கும்.

சாட்சி வேறு மொழியில் பேசினால், இயன்றவரை அதே மொழியில் பதிவு செய்யலாம் என்றும், இயலாதபோது சரியான மொழிபெயர்ப்பைத் தயாரித்துக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதை விளக்க வேண்டும். ஜெயலலிதா வழக்கு சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு மாற்றப்பட்டபோது, தமிழில் இருந்த சாட்சியங்களையும் ஆவணங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதே பெரும்பணியாக இருந்தது.

எனவே, தமிழ் மட்டுமே அறிந்த சாட்சி, தாம் கூறியது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதைத் தமக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுமாறு கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

குஜராத் மாநில வழக்கு ஒன்றில் 2014-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குழந்தை ஒன்று கொல்லப்பட்ட அவ்வழக்கின் விசாரணையில் காணப்பட்ட குறைகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. குற்ற வழக்குகளில் விடுதலை கிடைக்கும்போதெல்லாம் அதற்கான காரணத்தை ஆராய வேண்டும். அலட்சியம் காட்டிய விசாரணை அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்தப் படிப்பினைகளைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தோல்வியடைந்த வழக்கு, அடுத்த வழக்குக்குப் பாடமாக வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

குற்றம் நடந்த இடத்தைக் கண்டவர்கள் எதையும் தொடாமல், உடனே 112-ஐ அழைக்க வேண்டும். உதவி செய்யும் நோக்கில் இரத்தத்தைக் கழுவுவதோ, கிடக்கும் பொருளை எடுத்து ஓரமாக வைப்பதோ தடயத்தை அழித்துவிடும். கைப்பேசியில் காட்சி பதிவாகியிருந்தால், அதைச் சமூக வலைத்தளங்களில் பகிராமல், மூலப் பதிவு உள்ள கருவியைப் பாதுகாத்து விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப் வழியாகப் பல கைகள் மாறி வந்த நகலைவிட, முதலில் பதிவான கருவிக்கே நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம். வீடுகளிலும் கடைகளிலும் கேமரா வைத்திருப்போர், அதில் காட்டும் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று அவ்வப்போது பார்ப்பதும் பயன் தரும்.

மகஜரில் சாட்சியாகக் கையெழுத்திடுமாறு கேட்கப்படுபவர்கள், எழுதப்பட்டதைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்திடக் கூடாது. பாதிக்கப்பட்டவரோ, புகார் அளித்தவரோ, விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை காவல்துறைக்கு உண்டு என்பதை அறிந்திருப்பது நல்லது.